உங்கள் உம்மாவின் வேகம்

பிள்ளைகளே, போனில் நீங்கள் வைத்துக் கேட்கிற உம்மாவின் பாட்டு அவள் பாடியபடி இல்லை. அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் கத்தாரில் கட்டட வேலையில் இருந்த காலம். எங்களூர்ப் பெண்கள் கசட்டில் கதைத்து, லீவு முடிந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். ஒரு கசட்டில் உம்மா வீட்டுச் செய்தி, ஊர்ப் புதினமெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கவி பாடியிருந்தாள். எங்கள் பெண்கள் கவி பாடுவது தங்களுக்குள்ளேதான், அன்னிய ஆண் கேட்கப் பாடமாட்டார்கள். அதனால் முதலில் சொன்னாள்: "அறையில ஆரும் இருந்தா நிப்பாட்டுங்க. இது உங்கட காதுக்கு மட்டும்தான்."

போர்வைக்குள் வைத்துக் கேட்டேன்.

கத்தாருக்குப் போன மச்சான்
கடக்காத்துச் சுகந்தானா?
கட்டிவச்ச கூரையில
காகந்தான் குடியிருக்கு.

சிரிப்பு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல் ஓடி ஓடிப் பாடியிருந்தாள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நீங்கள் இரண்டு பேரும் கடலுக்குத் தூரமான சவளக்கடையில் மாமி வீட்டில் இருந்தீர்கள். உம்மா கடற்கரை வீட்டில்; வீட்டோடு அவளையும் கடல் கொண்டுபோனது. கலியாணப் போட்டோகூட மிஞ்சவில்லை. கத்தாரில் என் பெட்டிக்குள் கிடந்த அந்தக் கசட்டோடு ஊருக்கு வந்தேன்.

யுத்தம் முடிந்த வருடம் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். உம்மா எப்படிக் கதைப்பா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். போட்டுப் போட்டு நாடா சுருளத் தொடங்கிவிட்டது. கல்முனையில் ஒரு போன் கடைக்காரர் கசட்டைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தருவார் என்றார்கள். அவர் கேட்டுவிடுவாரே என்று நான் போகவில்லை. மாமிதான் ஏசினாள்: "நாடா அறுந்தா மறுகா இந்தப் புள்ளயளுக்கு என்னத்தக் குடுக்கப் போறாய்?"

கடைக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

"காக்கா, சத்தத்தக் குறைச்சிட்டு ஏத்துவம். நானும் கேக்கல்ல, நீங்களும் கேக்கல்ல. கோடு ஆடுறதப் பாத்தாப் போதும்."

இருவரும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மூச்சு விடும்போது கோடு படுத்தது, கதைக்கும்போது எழும்பியது. கடைசியில் இடைவெளியில்லாமல் துடித்தது, அதுதான் கவி என்று விளங்கியது. அது முடிந்ததும் நாடா உள்ளே சிக்கித் துண்டு துண்டாகிவிட்டது. பரவாயில்லை, ஏறிவிட்டது என்றார்.

வீட்டில் போட்டால் குரல் தடித்து, இழுபட்டு வந்தது. அவருடைய பழைய பிளேயர் மெதுவாக ஓடியிருக்கிறது. கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். திரும்பப் போனேன். வேகத்தைக் கூட்டலாம், ஆனால் நான் பக்கத்திலிருந்து இது சரி, இது பிழை என்று சொல்ல வேண்டும், தானும் கேட்கத்தான் வேண்டும் என்றார் கடைக்காரர். உம்மா சொன்னதை நினைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

சின்ன வயதில் நாடாவில் கேட்டது மறந்துபோய், அந்த இழுவைதான் உங்களுக்கு உம்மா ஆனது. மகன் அதைக் கேட்டால்தான் உறங்குவான். இப்போது மகள் தன் பிள்ளையை ஏணையில் போட்டு, அதே இழுவையில் அதே கவியைத் தாலாட்டாகப் பாடுகிறாள். பிள்ளையும் நித்திரையாகிறது.

ஆனால் அது நித்திரையாக்கப் பாடியதில்லை, மகள். வீட்டைக் கட்டிப்போட்டுத் தூரத்தில் இருந்த என்னைக் கிண்டல் பண்ணிப் பாடியது. காகம் குடியிருக்கு என்கிற இடத்தில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தையாவது கொஞ்சம் விரைவாகப் பாடிப் பாருங்கள்.