எதிர்க்கை

அக்கா கோல்கீப்பர் ஆனதற்குக் காரணம் திறமை அல்ல, ஷூ. பள்ளியில் ஹாக்கி ஆட வந்த பெண்களில் ஷூ இல்லாதவள் அவள் ஒருத்திதான். கோலில் நிற்பவளுக்கு மட்டும் பள்ளிக்கூடமே காலுறை மாதிரி பெரிய பேடும் பாதத்தை மூடும் கவசமும் கொடுத்தது. "அதை மாட்டிக்கிட்டா உள்ள என்ன இருக்கு, என்ன இல்லைன்னு எவளுக்குத் தெரியும்?" என்று இன்றைக்கும் சிரிப்பாள். அப்படிப் போய் நின்றவள்தான். பிறகு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்ததும் கோலில் நின்றதால்தான். ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பெண்கள் அணி இருந்தது. ஆட வந்தவர்களை வார்டுக்கும் சமையற்கூடத்துக்கும் சலவைக்கும் பிரித்து அனுப்பினார்கள். அக்கா சலவைக்கூடத்துக்குப் போனாள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அணியில் எல்லோரும் என்னை "டிகிரி" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாசம் எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

சலவைக்கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் சூடு முகத்தில் அறையும். அப்புறம் சலவைச் சோடா வாடை. பெரிய உருளை இயந்திரம் போர்வைகளை அழுத்தி வெளியே தள்ளும். அதை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, உதறி, மடிக்க வேண்டும். ஒற்றை ஆளால் முடியாத வேலை. எதிரே நின்று மறுமுனையைப் பிடிப்பவளுக்கு அங்கே "எதிர்க்கை" என்று பெயர். ஒருத்தி "வா" என்றால் எதிர்க்கை முன்னால் நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பாள். துணி தரையில் மட்டும் படக்கூடாது. பட்டால் சுத்தமான துணியானாலும் திரும்ப அழுக்குக் கூடைக்குப் போய்விடும், அன்றைய வேலை இரட்டிப்பாகும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களின் கை, எது விழுந்தாலும் தானாகப் போய்ப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அக்கா கைக்குத் தப்பி ஒரு டம்ளர் கூட உடைந்ததில்லை.

அக்காவின் எதிர்க்கை அவளைவிட வயதில் மூத்தவள். கனத்த உடம்பு. பஸ்ஸே கிளம்பினாலும் ஓட மாட்டாள், "அடுத்தது வரும்" என்று நின்றுவிடுவாள். அவள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் தவறாமல் அதே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் சுத்தம் செய்வார்கள். ஊழியர் குடும்பம் என்பதால் அந்தப் படுக்கை கிடைத்தது. அவளுக்கு வேலை போனால் படுக்கையும் போகும்.

அந்த வேலைதான் போவதாக இருந்தது. சலவையையும் சமையலையும் வார்டு வேலையையும் வெளியாள் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் விடப்போவதாக நிர்வாக அதிகாரி எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். ஹாக்கி என்றால் அவருக்கு உயிர். பேச்சோடு பேச்சாக, "ஃபைனல்ல கிரவுண்டுல இறங்கி ஆடி, கோப்பையும் ஜெயிச்சுக் கொடுக்கறவங்க நம்ம ஆஸ்பத்திரியோட சொத்து. அவங்களை நான் அனுப்ப மாட்டேன்" என்றார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இல்லை என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது.

அணியில் பதினாறு பேருக்கு இடம். ஒருத்தி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டதால் ஒரு சட்டை யாருக்கும் இல்லாமல் மடித்த மடிப்போடு கிடந்தது. கேப்டன் அக்காதான். அந்தச் சட்டையை அவள் தன் எதிர்க்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் நான் கேட்டேன். "ஹாக்கி ஸ்டிக்கை அவங்க தொட்டுக்கூடப் பாத்ததில்லையே அக்கா?"

"ஆடத் தெரியணும்னு அவர் சொல்லல. இறங்கணும்னுதான் சொன்னார்."

"சலவையில இத்தனை பேர் இருக்காங்க. எல்லார் பேரையும் எழுதிக் குலுக்கிப் போடலாம்ல? அதுதானே நியாயம்?"

"குலுக்கி அவ பேரு வரலைன்னா, அவ மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?"

"அப்போ மத்தவங்க மூஞ்சியை?"

அக்கா தேய்த்து முடித்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். கல்லூரியில் நியாயத்தைப் பற்றி ஒரு பாடமே படித்துத் தேறியவள் நான். எனக்கென்று ஒரு வீட்டுக்காரர் இருந்து, அவருக்கு அந்தப் படுக்கை தேவைப்பட்டிருந்தால் குலுக்கச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். யோசித்தது போதும் என்று விளக்கை அணைத்தேன்.

இறுதிப் போட்டியில் எதிரணி வங்கிப் பெண்கள். ஒரே நிறத்தில் ஷூ, ஒரே நிறத்தில் தண்ணீர் பாட்டில். எங்கள் பக்கம் பெஞ்சு முழுக்கக் கட்டு. அரையிறுதியில் விழுந்து தோள்பட்டைக்கு முன்னால் உள்ள எலும்பை உடைத்துக்கொண்டவள் சமையற்கூடத்துக்காரி, அவளை நாங்கள் கூப்பிடுவது கரண்டி என்று. இன்னொருத்திக்குக் கணுக்கால் வீங்கி இருந்தது. அணியைப் பயிற்றுவிக்கிற ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உலகத்துலயே ஸ்டிக்கை விடப் பஞ்சு அதிகமா வெச்சிருக்கிற டீம் நம்மளதுதான்."

"டிரைவர் அண்ணே, போறப்ப வண்டியில எத்தனை பேரு படுக்கலாம்?" என்றாள் கரண்டி.

"உன்னை உக்கார வெச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன். அவ்வளவு பேச்சு பேசுற."

முதல் விசிலுக்கே கரண்டியை இறக்கினாள் அக்கா. சட்டைக்குள் கட்டு வெளியே தெரியாதபடி கையை ஒடுக்கிக்கொண்டு கோட்டோரம் நின்றாள். பந்து முதல் முறை வெளியே போனதும் வெளியேறிவிட்டாள். இறங்கி ஆடியதாக அவள் கணக்கு முடிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவள் அழுதாள், வலியா வேறா என்று தெரியவில்லை.

வங்கி சீக்கிரமே ஒரு கோல் போட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊசிக்குப் புருவம் கிழிந்தது. ஊசி போடும் அறையில் உதவியாளாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர், ஆளும் ஒல்லி. நெற்றியிலிருந்து ரத்தம் வழிய வெளியே வந்தாள். ஆட்டம் பார்க்க வந்திருந்த நர்ஸ் ஒருத்தி ஒட்டுப்போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"ரெண்டா தெரியுதா?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார்.

"கோல் ஒண்ணுதான் தெரியுது. அது போதும்."

திரும்ப இறங்கியவள் நான்கு பேருக்கு நடுவில் பந்தை நூல் கோப்பது போலக் கொண்டுபோய்ச் சுண்டெலியிடம் தள்ளினாள். சுண்டெலி வார்டில் தரை துடைப்பவள். எங்களில் சின்னவள், வேகத்தில் அவளைத் தொட ஆள் கிடையாது. ஒரே அடி. சமநிலை. நான் தொண்டை கட்டக் கத்தினேன்.

ஆனால் சமநிலை யாருக்கும் சோறு போடாது. நேரம் கரைந்துகொண்டே வந்தது. கணுக்கால் வீங்கியவள் நொண்ட ஆரம்பித்தாள். ஒரு கோல் கூடுதலாக அடித்த பிறகு எதிர்க்கையை இறக்கலாம் என்று டிரைவர் அண்ணன் நினைத்திருந்தார். அந்தக் கோல் வருவதாக இல்லை. எதிர்க்கை பெஞ்சின் ஓரத்தில், இறுக்கமான சட்டையில், ஸ்டிக்கை இரண்டு கையாலும் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வறண்டிருந்தது.

கடைசி இடைவேளையில் சுண்டெலி வெடித்தாள். "அவங்க ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் தெருவுல நிக்கணுமா? அவங்களை இறக்குறது பத்துப் பேரோட ஆடுற மாதிரி. எனக்கும் வீட்ல ரெண்டு குழந்தை இருக்கு அக்கா!"

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா?"

"நீ ஓடு. உன்னால பத்துப் பேரோடயும் ஜெயிக்க முடியும். அவளால வேற எதுவும் முடியாது."

"ஓடறவளுக்குத்தான் எல்லாப் பாரமும்" என்று சுண்டெலி தண்ணீரைத் துப்பிவிட்டுப் போனாள். எதிர்க்கை எழுந்து, "விட்டுடு. நான் இறங்கல" என்றாள். அக்கா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கையில் கோலில் இருந்தபடியே அக்கா இடது கையைத் தூக்கினாள். அதுதான் சைகை. டிரைவர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கையை உள்ளே அனுப்பினார். நொண்டியவள் வெளியே வந்தாள். எதிர்க்கை நடந்தே போனாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் அக்காவை நோக்கியே போனாள்.

பந்து அடுத்துக் கோட்டுக்கு வெளியே போனதும் அவளைத் திரும்ப எடுத்துவிடுவதுதான் ஏற்பாடு. ஆனால் அதற்குள் வங்கிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்துவிட்டது. கார்னர் கொடுத்த பிறகு அது அடித்து முடியும்வரை ஆள் மாற்றக்கூடாது. எதிர்க்கை உள்ளே மாட்டிக்கொண்டாள். கார்னருக்குக் கோலைக் காக்க ஐந்து பேர் மட்டும் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போக வேண்டும். எதிர்க்கையை நடுக்கோட்டுக்குப் போகச் சொல்லி டிரைவர் அண்ணன் கத்தினார். கூட்டத்தின் சத்தத்தில் எதிர்க்கைக்குக் கேட்கவில்லை. அக்கா இருக்கும் இடத்தை விட்டு அவள் அசையவும் இல்லை. நடுவர் விசிலைத் தூக்கினார்.

"கம்பத்துகிட்ட நில்லு. எனக்கு எதிர்ல. பயப்படாதே" என்றாள் அக்கா.

வங்கிக்காரி அடித்த அடி எனக்குச் சத்தமாகத்தான் தெரிந்தது. அக்கா காலை நீட்டித் தடுத்தாள். பந்து பேடில் பட்டு மேலே எழும்பி, அக்காவின் தலைக்கு மேலே வளைந்து, மெதுவாக, கோலுக்குள் இறங்க ஆரம்பித்தது. பின்னால், கம்பத்தை ஒட்டி, எதிர்க்கை. ஒன்பது வருடமாக எதையும் தரையில் விட்டு அறியாதவள். ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிப் பந்தைப் பிடித்துக்கொண்டாள்.

வங்கிப் பக்கம் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் யாரோ சிரித்தார்கள். எதிர்க்கை பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கீழ விழலையே" என்றாள் அக்காவிடம்.

நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டி அவளை வெளியே அனுப்பினார். வங்கிக்குப் பெனால்டி ஸ்ட்ரோக். கோல்கீப்பரும் அடிப்பவளும் மட்டும். நடுவில் யாரும் கிடையாது. வெளியே வந்த எதிர்க்கை பெஞ்சில் உட்காரவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலிக் கம்பியைப் பிடித்து நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "டிகிரி, நீ பாத்துச் சொல்லு. எனக்குப் பாக்க வேணாம்" என்றாள்.

வங்கிக்காரி அடித்தாள். அக்கா இடது பக்கமாய் விழுந்தாள். பந்து கையுறையில் மோதித் தெறித்து வெளியே போனது.

"போகல" என்றேன். "அக்கா தடுத்துட்டா."

"கையாலயா?"

"அவ கையால தடுக்கலாம்" என்றேன். அவள் அப்போதும் திரும்பவில்லை.

அக்கா எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டாள். கையுறைக்குள் கட்டைவிரல் முறிந்திருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. அவள் ஊசியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். பத்துப் பேர். ஊசியின் கட்டு நனைந்து கண்ணுக்கு மேல் தொங்கியது. அதை ஒரு கையால் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். ஒருத்தி, இரண்டு பேர், மூன்றாவதாக வந்தவளையும் தாண்டி, பார்க்காமலே வலப்பக்கம் நீளமாகத் தள்ளினாள். அங்கே யாரும் இல்லை. பந்து வெளியே போகிறது என்றுதான் நினைத்தேன். எங்கிருந்தோ வந்த சுண்டெலி விழுந்துகொண்டே அதைத் திருப்பினாள். கோல்.

ஆட்டம் முடிந்து விசில் ஊதியபோது சுண்டெலி எழுந்திருக்கவில்லை. தொடைத் தசை கிழிந்திருந்தது. படுத்தபடியே, "ஜெயிச்சாச்சுன்னு போய்ச் சொல்லு உன் எதிர்க்கைகிட்ட" என்றாள் அக்காவிடம். கோபமாகத்தான் சொன்னாள். அக்கா அவள் தலையைத் தன் பேட் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அதிகாரி வாக்கு மாறவில்லை. கோப்பையோடு படம் எடுக்கையில், "பந்தைக் கையால பிடிச்ச அம்மா எங்க? அவங்களும் வரணும்" என்று கூப்பிட்டுச் சிரித்தார். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தபடி இருக்கிற அந்தப் படத்தில் எதிர்க்கையின் முகம் மட்டும் குனிந்திருக்கிறது.

திங்கட்கிழமை கட்டுப்போட்ட கையோடு போன அக்காவுக்குப் பையைத் தூக்க நானும் கூடப் போனேன். சலவைக்கூடத்து வாசலில் மற்ற பெண்கள் நின்றிருந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரம், பழைய செருப்பு, சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி எல்லாம் ஆளுக்கொரு பையில். யாரும் அழவில்லை. கப் ஜெயித்ததற்கு வாழ்த்துகூடச் சொன்னார்கள். ஒருத்தி அக்காவின் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"பரவாயில்லை."

"ரெண்டு நிமிஷம்தானேடி அவ நின்னா" என்றாள், விளையாட்டாகச் சொல்வது போல. "அந்த ரெண்டு நிமிஷம் நானும் நின்னிருப்பேன். பந்தைப் பிடிச்சும் இருப்பேன். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். கோலில் நிற்கும்போது எங்கிருந்து அடி வந்தாலும் அந்தப் பக்கம் சாயத் தெரிந்தவளுக்கு, அன்றைக்கு எந்தப் பக்கமும் இல்லை. "கேக்கல" என்றாள். "கேட்டிருந்தா அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது." அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே உருளை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கை ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். அவளைச் சுற்றி அத்தனை பேர் நின்ற இடமும் காலியாக இருந்தது. போர்வை வெளியே வந்தது. அக்காவுக்குக் கட்டைவிரலை மடக்க முடியாமல் முனையைப் பிடிக்க வரவில்லை. அது நழுவிச் சரிந்தது. எதிர்க்கை மறுமுனையை விட்டுவிட்டு ஓடி வந்தாள், பஸ்ஸுக்குக் கூட ஓடாதவள். எட்டவில்லை. போர்வை முழுக்கத் தரையில் கிடந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எதிர்க்கை குனிந்து எடுத்து, அழுக்குக் கூடையில் போட்டாள்.

"அடுத்தது வரும்" என்றாள்.

அக்கா முழங்கையை மடக்கி, அடுத்த போர்வையின் முனையை அதற்குள் இடுக்கிக்கொண்டாள். "வா" என்றாள்.