கரண்டிக் காம்பில் ஒட்டிய நீலம்

தின்னர் மணம் மூக்கில் ஏறினாலே எனக்கு நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வந்துவிடும். இந்த முறை போத்தலைத் திறந்தது பெயின்ற் பூசுவதற்கல்ல, சுரண்டுவதற்கு. தன்னாமுனையில் எங்கள் பழைய வீட்டில், அம்மாவின் அறை யன்னல் முப்பது வருடத்துக்கு மேலாகத் திறபடவில்லை. மகள் கைக்குழந்தையோடு வந்து அந்த அறையில்தான் தங்கப் போகிறாள்.

"பச்சப்புள்ளைய இந்தப் புழுக்கத்துலயா போடுறது? நீங்க திறக்கிறீங்களா, நான் ஓடாவியக் கூப்பிடட்டா?" என்றாள் மனைவி. மரவேலை செய்கிற ஓடாவி வந்தால் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு அலுமினியம் போடச் சொல்வான். பிளேடும் உளியுமாக நானே இறங்கினேன்.

எங்கள் பக்கத்து நத்தாரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பெயின்ற் பூசுகிற நேரம் பார்த்துத்தான் மாரி மழையும் கொட்டும். அப்பா இருந்த காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்து, யன்னல்களை விரியத் திறந்து வைத்துப் பூசுவார். அவருக்குப் பிறகு வேலை என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வயது, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. மழை அடிக்கிறதென்று எல்லா யன்னலையும் மூடி வைத்து, இடுக்கு, கொண்டி எதுவும் விடாமல் வான நீலத்தை அப்பிவிட்டேன். பளபளவென்று இருந்தது. பாதி டின் நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில்.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். கட்டில் யன்னலோரம்தான் கிடந்தது.

"மனே, இந்த யன்னல ஒருக்காத் திறந்து உடு. வாவிக் காத்துப் பட்டா கொஞ்சம் அடங்கும்."

"பெயின்ற் உரிஞ்சு போயிரும்மா. வாற போற சனம் பாத்தா வடிவா இருக்க வேணாமா? வருசம் பிறக்கட்டும், மறுகா திறக்கிறன்."

அடுத்த நாளும் கேட்டார். அதையேதான் சொன்னேன். "ஓம் மனே" என்றார்.

இரண்டு நாள் கழித்து மருந்து கொடுக்கப் போனால் கரண்டிக் காம்பு நுனியில் நீலம். "பாருங்கம்மா, இதுலயும் அப்பி வெச்சிரிக்கன்" என்று என்னை நானே நக்கலடித்தேன். அம்மா வாயைத் திறந்து மருந்தை வாங்கிக்கொண்டார்.

வருடம் பிறந்து எட்டாம் நாள் அம்மா போய்விட்டார். அந்த எட்டு நாளும் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். யன்னலைத் திறக்க மறந்துபோனேன்.

சாவீட்டுக்கு வந்த மாமி யன்னலைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதென்ன மனே, இப்பிடி இறுகிக் கிடக்கு?" என்றார். "மழை அடிக்கும் மாமி" என்றேன். அதன்பின் ஒவ்வொரு நத்தாருக்கும் மற்ற யன்னல்களைத் திறந்து வைத்துப் பூசினேன். இதை மட்டும் மூடியபடி, சரியாகப் பார்க்காமல்கூடப் பூசினேன். வெட்கம்தான், வேறென்ன.

இப்போது அத்தனை நத்தாரின் பூச்சும் தின்னரில் ஊறி அடுக்கடுக்காக உரிந்தது: மண்ணிறம், கிறீம், பச்சை என்று. கடைசியில் என் நீலம் வந்தது. அந்த நீலத்தில், கதவு இரண்டும் சேருகிற இடுக்கில் ஒரு கீறல். கட்டிலில் எழுந்து இருந்தால் கை எட்டுகிற உயரம். ஒரு சாண் நீளம் இருக்கும். கத்தி போட்ட கீறல் இல்லை. மழுங்கிய ஏதோ ஒன்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியிருந்தது. அதற்குள் பச்சைப் பெயின்ற் அடைந்து கிடந்தது.

கரண்டிக் காம்பு.

என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அம்மா தானே திறக்கப் பார்த்திருக்கிறார். மூச்சு இழுக்க இழுக்க, ஒரு சாண். அடுத்த நத்தாருக்கு அதையும் பூசி அடைத்தவன் நான். பாவி.

நன்றாக அழுதேன். பிறகு அம்மா விட்ட இடத்திலிருந்து பிளேடைக் கீழே இறக்கினேன். பிணைச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, கட்டையை வைத்துத் தட்டத் தட்ட யன்னல் முனகிக்கொண்டு திறந்தது.

"காத்து வருதா?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

முன்பு இதால் பார்த்தால் வாவி தெரியும், தோணிகள் தெரியும். இப்போது ஐந்தடி தள்ளிப் பக்கத்து வீட்டு மாடிச் சுவர். கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வரவில்லை.