கப்டன் கடைசியாகத்தான் குளிப்பார்

முதியோர் இல்லத்திலை வேலை செய்து முதுகு முறிஞ்ச என்ரை சகபாடியளே, உங்களுக்குத் தெரியாததே? எங்கடை தொழிலிலை தூக்கிறது, துடைக்கிறது, ஊட்டுறது எல்லாம் சின்ன வேலை. குளிக்கமாட்டன் எண்டு நிக்கிற ஆளைக் குளிக்க வார்க்கிறதுதான் வேலை.

இரண்டாயிரத்து மூண்டிலை, கனடாவிலை வில்லரே எண்ட இடத்திலை ஒரு இல்லத்திலை எனக்கு அப்பிடி ஒரு ஆள் வாய்ச்சார். ஜேர்மன்காரர், தொண்ணூறை எட்டிப்பிடிக்கிற வயசு. உலகச் சண்டையிலை நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கப்டன். கடைசிப் பயணத்திலை கப்பல் தாழ, கனடாக் கடற்படை அவரைத் தண்ணிக்குள்ளாலை தூக்கிச் சிறைவைச்சது. சண்டை முடிஞ்சு பேந்து இஞ்சையே வந்து குடியேறிட்டார். ரெண்டு பேரும் அரைகுறை இங்கிலிசிலைதான் கதைப்பம்.

குழாயைப் பூட்டின மனிசன்

முதல் நாள் ஷவரைத் திறந்தன். மனிசன் எட்டி அதைப் பூட்டினார். அடுத்த நாளும் அதே கூத்து. கிழமைக் கணக்கா ஒரு சொட்டுத் தண்ணி படவிடேல்லை. நாத்தம் எண்டா நாத்தம், ஐயோ! அதுக்கு மேலை கொலோன் சென்ட் வேறை பூசுவார்.

தலைமை நேர்ஸ் என்னைக் கூப்பிட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ளை குளிக்காட்டி, கதவு பூட்டி வைக்கிற மேல்மாடிக்கு அவரை மாத்திப்போடுவாவாம். காலமை வாசலிலை நிண்டு காத்து வாங்காட்டிச் சாப்பிடாத மனிசன். அங்கை போட்டா செத்துப்போவார் எண்டு எனக்குத் தெரியும். ஏன் குளிக்கிறியள் இல்லை எண்டு கெஞ்சிக் கேட்டன்.

"தண்ணி குடிக்கிறதுக்கு மட்டும்தான்," எண்டார்.

பதுங்கிற வித்தை

எனக்கெண்டா விடுப்புக் கேக்காட்டி, ஆற்றையும் கதையைப் பிடுங்காட்டி நித்திரை வராது. "மேலை எதிரிக் கப்பல் நிண்டா என்ன செய்வியள், கப்டன்?" எண்டு கேட்டன்.

"மெசினை நிப்பாட்டுவம். சப்பாத்தைக் கழட்டுவம். இருமக்கூடாது."

அட, நாங்களும் அப்பிடித்தானே! மன்னாரிலையிருந்து இந்தியாவுக்கு வள்ளத்திலை ஓடேக்கை, நேவிக்காரன்ரை லைட்டைக் கண்டு எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கிடந்த கதையைச் சொன்னன். மனிசனுக்குக் கண் பளிச்செண்டுது. எஞ்சின் என்ன பெலன், காத்து எந்தப் பக்கம், குழந்தையள் அழேல்லையோ, எல்லாம் கேட்டார். நானும் விடேல்லை. நீங்கள் அடிச்சுத் தாட்ட கப்பலிலை இருந்த ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டன். நான் வள்ளத்திலை இருந்தவன் எல்லோ.

"குண்டு அடிச்ச உடனை தண்ணிக்குக் கீழை போயிடோணும், அதுதான் எங்கடை முறை," எண்டார். "நான் பார்க்கேல்லை."

வெள்ளிக்கிழமை

வியாழன் பின்னேரம் கடைசியாக் கேட்டன்: "அப்ப கப்பலிலை ஒருத்தரும் குளிக்கிறேல்லையோ?"

"கடலிலை இல்லை. கரைக்கு வந்தாப்பிறகுதான். பெடியள் முதல், கப்டன் கடைசி."

அட கடவுளே, இதையல்லோ முதல் நாளே கேட்டிருக்கோணும்!

வெள்ளி காலமை துவாயைத் தோளிலை போட்டுக்கொண்டு போய் நிமிந்து நிண்டன். "கப்டன், கரைக்கு வந்திட்டம். பெடியள் எல்லாரும் குளிச்சாச்சு. நீங்கள்தான் மிச்சம்."

மனிசன் எழும்பினார். தானே சட்டையைக் கழட்டினார். சுடுதண்ணியிலை நனைச்சு முதுகுக்குச் சவுக்காரம் போட்டன். தலைமை நேர்ஸ் எட்டிப் பார்த்துத் தலையாட்டிப்போட்டுப் போனா. மேல்மாடிக்குப் போறதிலையிருந்து மனிசன் தப்பிட்டார். சந்தோசத்திலை எனக்குப் பாட்டே வந்திட்டுது.

அப்பதான், திரும்பாமலே சொன்னார்: "நீ நல்லாப் பொய் சொல்லுறாய். என்ரை பெடியளிலை ஒருத்தனும் கரைக்கு வரேல்லை."

அதுக்குப் பிறகும் ஒவ்வொரு வெள்ளியும் நான் அதே பொய்யைச் சொல்ல, அவரும் அது பொய்யெண்டு தெரிஞ்சே கடைசி ஆளாய் எழும்பி வருவார். இப்பிடிப் பொய் சொல்லிச் சம்பளம் எடுக்காத ஆள் எங்கடை தொழிலிலை இருந்தாக் கையை உயர்த்துங்கோ.