வாத்துகளுக்கு வாடகைக்கு விட்ட கொட்டகை

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய வருஷம், என் மனைவியின் அண்ணனும் நானும் திருநின்றவூர் ஏரிப் பக்கம் நீளமாக ஒரு கூரைக் கொட்டகை போட்டோம். ஓலைத் தட்டி வைத்து ஆறு அறைகளாகத் தடுத்தோம். ஓடிவரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு. மச்சான் ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தார். பின்னால் கட்டப்போகும் மாடிக்குப் படி எந்தப் பக்கம் என்பது வரைக்கும்.

கூரை வேய்ந்து முடித்தபோது பயம் தெளிந்து எல்லாரும் பட்டணத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். குடித்தனம் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போன நாங்கள் நாலைந்து பேருக்கு மூட்டை ஏற்றிவிட்டு வந்தோம்.

“திரும்ப பயந்துகினு வருவானுங்க மாப்ளே. அஞ்சு வருசம் கீதுல்ல” என்றார் மச்சான்.

குண்டு வரவில்லை. மழைதான் வந்தது. ஏரியில் வாத்து மேய்க்கிறவர் நனைந்தபடி வந்து, வாத்துகளை அடைக்க இடம் கேட்டார். வாடகைக்கு முட்டை தருவதாகச் சொன்னார். நான் சரி என்றேன். மச்சானுக்கு மனமில்லை.

“குடும்பத்துக்குன்னு கட்னது. வாத்துக்கு உட்டா நாளைக்கு எவன் குடி வருவான்?”

“இதுங்களும் குடும்பந்தான் அண்ணாத்தே” என்றார் வாத்துக்காரர்.

மச்சான் வெகுநேரம் யோசித்துவிட்டு, அறைக்கு ஒரு குடும்பம்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். வளர்ந்த ஆண்கள் மூன்று பேர் மழையில் நின்று வாத்துகளைக் குடும்பவாரியாகப் பிரித்தோம். எது எதற்கு உறவு என்று வாத்துக்காரருக்கே தெரியவில்லை. உள்ளே விட்டவையும் தட்டிக்கு அடியில் நுழைந்து அடுத்த அறைக்குப் போயின. மச்சான் கதவு கதவாகப் போய் அதட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தட்டிகளையெல்லாம் பிடுங்கி வெளியே போட்டேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதும் முகாம் சமையல்காரர் முட்டை கேட்டு வந்தார். கூடை கூடையாகப் போயிற்று. மச்சானுக்கும் பேச்சு வந்தது. வாத்தை நம்பிப் பத்து வருஷத்துக்குத் திட்டம் போட்டார். கோடையில் ஏரி வற்றியது. வாத்துக்காரர் சொல்லிக்கொண்டு, தண்ணீர் இருக்கிற ஊருக்கு வாத்துகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சமையல்காரர்தான், முகாமின் கோவேறு கழுதைகளுக்கு வைக்கோல் அடுக்க அந்தக் கொட்டகையைக் கேட்டார்.

“எத்தினி வருசத்துக்கு?” என்றார் மச்சான்.

“சண்ட முடியிற வரைக்கும்.”

“அது எப்போ முடியும்?”

விசாரித்து வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுச் சமையல்காரர் சைக்கிளில் ஏறிப் போனார். மச்சான் சாயங்காலம் வரை வாசலில் நின்று காத்திருந்தார்.