கோட்டுக்கு ஏழு சென்டி கீழே

"எக்காத கண்ணு, மூச்ச விடு," என்று சொல்லிவிட்டுத்தான் அளவு அக்கா டேப்பை இழுப்பார். பள்ளிச் சீருடைக் கடையில் பதினான்கு வருடமாக அளவெடுக்கிறார். உயரத்தைக் குறித்ததும் வயது கேட்பார். தைக்க வயது எதற்கு என்று தாய்மார் விழிப்பார்கள்.

கடையில் புதிதாகச் சேர்ந்த எனக்கு அவரே விடையைக் காட்டினார்: உள்ளறைச் சுவரில் ஒரு பழுப்புக் காகிதம். கீழே வயது, பக்கவாட்டில் உயரம், பிள்ளைக்கு ஒரு புள்ளி. ஐந்திலிருந்து பதினைந்து வயதுவரை புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி. நடுவே குண்டூசிகளில் இழுத்துக் கட்டிய சிவப்பு நூல். கடைக் கணக்கர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, நூல் சரியாகத்தான் ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டாராம்.

"சாய்வுதான் விஷயம். ஒரு வயசு கூடினா சராசரியா ஆறு சென்டி," என்றார் அக்கா.

நூலின் இடது முனை, வயது பூஜ்யத்தில், எண்பதைத் தொட்டது. "பொறந்த பிள்ளை எண்பது சென்டியா? யாரு பெத்தா?" என்று அவரே சிரித்தார். "அது நூல் கட்டுற எடம், அவ்வளவுதான். கைக்குழந்தை யாரும் யூனிபார்ம் தைக்க வரலையே."

அவருக்கு ஒரு மகள். விவாகரத்துக்குப் பிறகு, ஆறு வயதில், அப்பாவோடு கடல் கடந்து போனவள். ஐந்து வருடமாகப் போனில் முகம் மட்டும் பார்க்கிறார். முகத்தில் உயரம் தெரிவதில்லை. சனிக்கிழமை பத்து நாள் லீவுக்கு வருகிறாள். மேசையில் கிடக்கும் நீலக் கவுன் அவளுக்குத்தான். அது பொருந்தாமல் போனால் தாங்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

பதினொரு வயதுக்கு நூல் நூற்று நாற்பத்தாறு சொல்கிறது. அக்கா அதற்கு வெட்டவில்லை.

"போறப்ப நூத்தி ஒம்பது. நூல் அந்த வயசுக்கு நூத்திப் பதினாறு சொல்லுது. ஏழு சென்டி கீழ, என் குள்ளச்சி. அவ ஆரம்பத்த அவகிட்டயே விட்டுட்டேன். சாய்வ மட்டும் ஊர்ப் பிள்ளைங்களோடத எடுத்துக்கிட்டேன். அஞ்சு வருசத்துக்கு முப்பது. நூத்தி முப்பத்தொம்பது."

கொஞ்ச நேரம் கவுனைத் தடவினார்.

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க. நான் அளந்துதான் வளர்த்தேன்."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கோடு எல்லாருக்கும் பொதுவாத்தான் சொல்லும். அவளச் சொல்லாது." அதனால் கீழ்மடிப்பில் நாலு விரல் துணி கூடுதலாக விட்டு, இழுத்தால் பிரிகிற ஓட்டுத் தையல் போட்டிருந்தார்.

"நூத்தி முப்பத்தொம்பதுன்னா உங்களுக்கு எதுவரைக்கும் வருவா?" என்று கேட்டேன்.

அதை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. சுவரில் டேப்பைப் பிடித்து, அந்த உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து, அதன் அருகே போய் நின்றார். கை அவருடைய மோவாயில் முட்டியது.

"இவ்வளவா?"

கையை எடுக்கவில்லை. முகத்தை லேசாகத் தாழ்த்தி, அந்த வெற்றிடத்தில் உச்சி முகர்ந்தார்.