திரும்பி வந்த பல்செட்

பல்லுக்காரர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் முப்பத்தைந்து வருடமாகப் பல்செட் செய்கிறார். "என் தம்பி செஞ்ச செட் ஒண்ணுகூட ஆடுதுன்னு திரும்பி வந்ததில்ல" என்று அவருடைய அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். பொய்யில்லை. ஒவ்வொரு வாயின் பிளாஸ்டர் அச்சையும் எண் போட்டு அலமாரியில் வைத்திருப்பார். அதே எண், ஆஸ்பத்திரி பேரோடு, செட்டின் உள்பக்கத்திலும் பொடி எழுத்தில் இருக்கும்.

வருடத்தின் முதல் நாள் ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும். காலை பதினோரு மணிக்கு அந்தப் பின்னறையில் பழைய கூட்டாளிகள் கூடுவார்கள்: தையல்காரர், தபால்காரர், லாரிக்காரர். மூன்று பேர் வாயிலும் இருப்பது அவர் செய்த பல். பாட்டிலைத் திறக்குமுன் பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட வேண்டும். பொக்கை வாயோடு "புத்தாண்டு வாழ்த்துகள்" என்று பிசிறில்லாமல் சொல்பவருக்கு முதல் கிளாஸ். சொந்தப் பல் உள்ள பல்லுக்காரர்தான் நடுவர். இதுவரை ஒருவரும் தேறவில்லை.

போன வருடம் லாரிக்காரர் பல்லையே கழற்றவில்லை. குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

"வீட்டுல சத்தியம் பண்ணியிருக்கேன்டா."

"தங்கச்சி இங்க வந்து உன் வாயை மோந்து பாக்கவா போவுது? ஒரு மூடிதான்டா" என்று பல்லுக்காரர்தான் ஊற்றினார். மூடி கிளாஸானது. அதன்பிறகு அவன் தினமும் குடிக்கிறான் என்று காதில் விழுந்தபோதெல்லாம், நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். இந்த வருடம் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவுசெய்து, அவனுக்கென்று தனியாக ஒரு சோடாவும் வாங்கி வைத்திருந்தார்.

மணி பன்னிரண்டானது.

"லாரி எங்கயோ பஞ்சர்" என்றார் தையல்காரர் பொக்கை வாயால். "நீ கிளாஸை எடுப்பா, நாக்கு வறளுது."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "நூறு ஆயுசு அவனுக்கு!" என்று தபால்காரர் சிரித்தார்.

வந்தவர் போலீஸ்காரர். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு மேல்செட்.

"மார்க்கெட் படிக்கட்டுல காலையில ஒருத்தர் உருண்டு விழுந்துட்டார். உயிர் இல்ல. முகம் அடையாளம் தெரியல, பையில ஒரு காகிதம்கூட இல்ல. பல்லுல உங்க ஆஸ்பத்திரி பேர் இருக்கு. நம்பர் நானூத்திப் பதினொண்ணா, பதினேழா? கடைசி எழுத்து தேஞ்சுபோச்சு."

நானூற்றிப் பதினொன்று ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன். நானூற்றிப் பதினேழு லாரிக்காரர்.

பல்லுக்காரர் வாட்ச்மேனின் அச்சை முதலில் எடுத்தார். செட்டை அதன்மேல் வைக்கும்போது, உட்கார்ந்துவிடு, உட்கார்ந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். கெஞ்சுவது இன்னொரு குடும்பத்தின் சாவுக்கு என்பது உறைத்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

செட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது.

அடுத்த அச்சில் அழுத்தவே தேவைப்படவில்லை. வைத்த இடத்தில் கவ்விக்கொண்டது. விரலால் அசைத்துப் பார்த்தார். இம்மி நகரவில்லை. இந்த ஒரு செட்டிலாவது கை பிசகியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

செட்டிலிருந்து சாராய வாடை வந்தது. அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"கழுவக் கூடாதுங்க" என்று போலீஸ்காரர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "வீட்டு போன் நம்பர் தெரியுமா?"

"நானே சொல்லிடறேன்."

போன் ஒரு தடவை அடித்ததுமே லாரிக்காரரின் மனைவி எடுத்துவிட்டாள்.

"அண்ணே, வாழ்த்துகள்ணே! அவர் வந்து சேர்ந்துட்டாரா? உங்களைப் பாக்கணும்னு விடியும்போதே குளிச்சுட்டுக் கிளம்பினாரு. அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், இந்த வருஷம் அவருக்கு ஊத்திக் குடுக்காதீங்க."

"குடுக்கலைம்மா" என்றார் பல்லுக்காரர்.

அவருக்குப் பின்னால் தையல்காரரும் தபால்காரரும் கிண்ணத்துக்குள் கைவிட்டு, எது யார் பல் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்கள்.