மூன்றாவது வாசிப்பு

கம்பஸில் நான் படித்தது மூன்று பாடங்கள்: தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல். ஊரில் இதை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிள்ளை டொக்டராக வேண்டும். ஆகாவிட்டால் எங்கோ பிசகிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மாமி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பா, "மகள் இன்னும் டொக்டருக்குத்தானே படிக்கிறா?" உம்மா, "ஓம், அது மாதிரி ஒண்டுதான்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவா. வயல் செய்கிற வாப்பாதான் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார், "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்."

அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. காலையில் தண்டைச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மீனை வெட்டுவோம். மறுநாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களோடு போகும். விலங்கியல் பிரக்டிகல் முடிந்து கல்முனை பஸ்ஸில் ஏறினால் ஃபோர்மலின் வாடைக்குப் பக்கத்து சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

முதல் வருஷத்தில் ஒரு நாள், நான் சீவிய தண்டு ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. கிழிசலை விட்டுவிட்டு, புத்தகத்தில் இருப்பதுபோல் முழு வட்டமாகப் படம் கீறிக் கொடுத்தேன். தாவரவியல் மெடம் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தா, கொப்பியைப் பார்த்தா, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தா. "கிழிஞ்சிருந்தா கிழிஞ்ச மாதிரியே கீறுங்க. புத்தகத்தில இருக்கிறது எனக்குத் தெரியும்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு மீன் செட்டையில் முள் எண்ணினாலும் வந்த எண்ணிக்கையைத்தான் எழுதினேன். ஆனால் நான் விரும்பியது இரசாயனவியலை. நிறமில்லாத தண்ணீர் ஒரு துளியில் இளஞ்சிவப்பாகும் அந்தக் கணத்துக்காக எத்தனை மணித்தியாலமும் நிற்கலாம் என்று இருந்தது.

மூன்று பாடத்தோடு முடித்தால் பொதுப் பட்டம். புள்ளி போதுமென்றால் ஒரு பாடத்தை மட்டும் எடுத்து இன்னொரு வருஷம் படிக்கலாம். அது சிறப்புப் பட்டம். இரசாயனவியலில் அதற்கு இடம் குறைவு. என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற சாய்ந்தமருதுக் கூட்டாளி ஒருத்தி இருந்தாள். அவளும் அதற்குத்தான் ஆசைப்பட்டாள். கடைசி இடம் எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும். பஸ்ஸில் அதைப்பற்றி மட்டும் கதைக்கமாட்டோம்.

அந்த வருஷம் இரசாயனவியல் பிரக்டிகல் பரீட்சை நோன்பு மாதத்தில் வந்தது. பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் கரைசலை இழுக்க ரப்பர் பந்து ஒன்று தருவார்கள். வாயால் உறிஞ்சக்கூடாது என்பது சட்டம். இரசாயனவியல் சேர் அந்தப் பக்கம் திரும்பினால் நாங்கள் வாயால்தான் உறிஞ்சுவோம். அது கெதியாக முடியும். நோன்போடு அது முடியாது. ஒரு துளி உள்ளே போனாலும் நோன்பு போய்விடும். வருஷம் முழுக்கத் தொடாத ரப்பர் பந்தை அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒழுங்காகப் பிடித்தோம். கரைசல் கோட்டுக்கு மேலே போகும், பிறகு கீழே இறங்கும், காற்றை உறிஞ்சும். கை பழகாதவர்களுக்கு அது லேசில் அடங்காது.

நியமிப்பில், அதாவது நிறம் மாறும்வரை கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பதில், மூன்று வாசிப்பு எடுக்க வேண்டும். எனக்கு இரண்டு வந்தது: 23.4, 23.5. மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. மூன்றாவது குடுவை காலியாக இருந்தது. எதிர்மேசையில் அவளும் இரண்டோடுதான் நின்றாள். அவள் மூன்றாவது கட்டத்தில், எடுக்கவில்லை என்று, ஒரு சின்னக் கோடு போட்டாள். நான் 23.4 என்று எழுதினேன். தொண்டையில் ஒரு துளி போகவில்லை, நோன்பு பத்திரம் என்ற நிம்மதிதான் அப்போது பெரிதாக இருந்தது.

மாலையில் வீட்டில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை எடுத்தபோதுதான் உறைத்தது. தண்ணீர் உள்ளே போகாமல் அவ்வளவு பத்திரமாக இருந்தவள், பொய்யை வெளியே விட்டிருக்கிறேன். கஞ்சியைத் தள்ளிவைத்தேன். பரீட்சைக் களைப்பு என்று உம்மா நினைத்தா.

பட்டியல் வந்தபோது கடைசி இடத்தில் என் இலக்கம் இருந்தது. அவள் என் கையைப் பிடித்து, "மாஷா அல்லாஹ். நல்லாப் படிகா" என்றாள், எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டாளியைக் கூப்பிடும் அந்தக் "கா"வோடு. அவள் பொதுப் பட்டத்தோடு முடித்து, ஊருக்குப் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனாள். நான் சிறப்புப் பட்டத்தை முடித்து, இப்போது தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுகூடமொன்றில் இருக்கிறேன். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று வாசிப்பு எடுக்கிறேன். சில நாள் நாலாவதும் எடுப்பேன். கூட வேலை செய்பவர்கள் என்னைக் கஞ்சப்பிசினாறி மாதிரிக் கணக்குப் பார்க்கிறவள் என்று பகிடி பண்ணுவார்கள்.

நோன்பு மாதத்தில் விடுபட்ட நாட்களைப் பெண்கள் பிறகு கழாவாகப் பிடிப்போம். என் கணக்கு முடிந்த பிறகும் வருஷா வருஷம் ஒரு நோன்பு கூடப் பிடிக்கிறேன், அந்தப் பரீட்சை நாளுக்காக. மார்க்கச் சட்டப்படி அந்த நோன்பு முறியவில்லை. யாரிடம் கேட்டாலும் தேவையில்லை என்றுதான் சொல்வார்கள், அதனால் கேட்கவில்லை.

இந்த வருஷம் அந்த நோன்போடு ஒரு நாள் அவளுடைய வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. புது வீடு, இன்னும் பெயின்ட் வாசம் போகவில்லை. சொல்வதற்குள் அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"நோன்பு" என்றேன்.

"இண்டைக்கு என்ன நோன்பு?"

"கழா."

"இன்னும் எத்தின இரிக்கு?"

"ஒண்டுதான். இதோட முடிஞ்சிரும்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். "போன வருஷமும் ஒண்டுதான் எண்டாய். அதுக்கு முதல் வருஷமும்."

நான் கோப்பையை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"எனக்கு அண்டைக்குப் பரீட்சையில ரெண்டுதான் வந்த. உனக்கும் ரெண்டுதான் எண்டு எனக்குத் தெரியும்கா. நான் எதிர்மேசையிலதானே நிண்ட."

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இத்தனை வருஷம் அதைத் தெரிந்துகொண்டே என் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள், என் பிள்ளைக்குச் சட்டை வாங்கித் தந்திருக்கிறாள்.

"என்னட்டச் சொல்ல வேண்டியத அல்லாவுக்கு நோன்பாப் பிடிச்சிட்டிரிக்காய்" என்று கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "ஆறப்போகுது. குடி."

கழா நோன்பைப் பாதியில் விடக்கூடாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்; இது கழா இல்லை என்பதும். "மூண்டாவத நான் எடுக்கல்ல" என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக் குடித்தேன்.